ஆமைப் பக்கம் நான்கு கிளிக்

திருப்பியாகிவிட்டது. நான்கு கிளிக். சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் வலது கால் முடிகிற இடத்தில், அச்சுக்குக் கீழே, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சிவப்புத் திருகு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் முயல் படம், மறுபக்கம் ஆமைப் படம். முயல் பக்கம் திருப்பினால் அமுங்கிய ஃபோர்க் சட்டென்று எழும்பும், ஆமைப் பக்கம் திருப்பினால் தூக்கக் கலக்கத்தோடு எழுகிற ஆள் மாதிரி மெல்ல எழும்பும், அவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்றுமில்லை. நான் ஆமைப் பக்கம் திருப்பிவிட்டேன். சுகிர்தாவைக் கேட்காமல். என் மனைவி சுகிர்தா அங்கே டீ வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் காலைத் தூக்கி வைத்து முழங்கால் கவசத்தின் பட்டையை இழுத்துக்கொண்டிருக்கிறாள், முதுகு என் பக்கம், இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த சைக்கிளின் மேல் ஏறி இந்த மலையின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை தேயிலைக்கும் சோலைக்கும் நடுவே பந்தயத்தில் தலைதெறிக்க இறங்கப்போகிறாள், அவள் திரும்பிப் பார்க்கவில்லை, யாருமே பார்க்கவில்லை, நான் சக்கரத்தைத் துடைக்கிறவன் மாதிரி குந்தியிருந்தேன், கையில் துணி வேறு இருந்தது. நான்குதானா? கடைசி ஒன்று பாதியில் நின்றதோ? திரும்பக் கையை வைத்துப் பார்க்கலாம். வைத்தால் எண்ணவேண்டும், எண்ணினால் திருப்பிப் போட்டுவிடுவேன். வேண்டாம். நான்கு கிளிக் என்ன செய்துவிடும்? கொஞ்சம் அடங்கி ஓடும், அவ்வளவுதானே. அடங்கி ஓடட்டும். அடங்கி ஓடினால் அவள் வேகத்தைக் குறைப்பாள், வேகம் குறைந்தால் விழுந்தாலும் சும்மா விழுவாள். சும்மா விழுவது என்று ஒன்று உண்டா, அதை யார் எனக்குச் சொன்னது?

காலையில் வந்து இறங்கியதும் அவள் கேட்டது இதற்கு நேர் எதிர். "லோகு, நல்லா கேட்டுக்க. வண்டி துள்ளணும். ஆனா மண்ண விடக்கூடாது." நான் சிரித்தேன். "ரெண்டும் எப்படி சுகி? துள்ளுச்சுன்னா மண்ண விட்டுத்தானே ஆகணும்?" என்றேன். "அது உன் வேலை. டீ ஃபாக்டரில அவ்ளோ பெரிய டிரையர ஓட்டுறேல்ல, இத ஓட்டு," என்றாள். ஃபாக்டரியில் நான் எலெக்ட்ரீஷியன், டிரையரை ஓட்டுவது வேறு ஆள், ஆறு வருஷமாகச் சொல்கிறேன், அவள் காதில் ஏறியதே இல்லை. அவள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். கோத்தகிரியில் அத்தனை வளைவிலும் இருபது குழந்தைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு அவள் ஓட்டுவதைப் பார்த்தால் மடியில் பால் பாத்திரம் வைத்திருப்பதுபோல இருக்கும். அதே பெண் சைக்கிளில் ஏறினால் வேறு. அந்த வேறு ஆளைத்தான் நான் முதலில் பார்த்தேன், அந்த ஆளைத்தான் கட்டிக்கொண்டேன், இதையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். சரி என்று வேலையை ஆரம்பித்தோம். அவள் கவசம், பை எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறி நிற்க நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டேன், ஃபோர்க்கில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையம் அவள் எடைக்கு எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்த்து, சின்னப் பம்பால் காற்று ஏற்றினேன், கொஞ்சம் இறக்கினேன், மறுபடி ஒரு சொட்டு ஏற்றினேன். முன்னால் கொஞ்சம் விறைப்பு, அதுதான் துள்ளல். பின்னால் கொஞ்சம் கூடுதலாக உட்காரவேண்டும், அதுதான் பிடி. டயரில் காற்றைக் குறைத்தோம், நேற்று மழை, மண் வழவழவென்று இருக்கிறது. அப்புறம் சிவப்புத் திருகு. கோயில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த திட்டிலிருந்து அவள் குதித்து இறங்க நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் விழுந்ததும் பந்து மாதிரி இரண்டு தடவை எம்பியது. "உதைக்குது," என்றாள். இரண்டு கிளிக் ஆமைப் பக்கம். "இப்ப செத்துக் கிடக்குது." ஒன்று முயல் பக்கம். திரும்பத் திரும்ப, சலிக்காமல். ஒரு தடவை இறங்கினாள், சக்கரம் அமுங்கியது, எழுந்தது, தன் இடத்துக்கு வந்து நின்றது, ஒரு மூச்சு விட்ட மாதிரி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் "அது!" என்றோம். அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். நான் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் துடைக்கிற துணியைக் கையில் எடுத்தேன்.

ஏனென்றால் போன வருஷமும் அதே முகம். ஏற்காட்டுப் பக்கம் ஒரு பந்தயம், காய்ந்த மண், நல்ல வெயில், ஒரு குறையும் சொல்லமுடியாத தடம். அவள் ஏன் விழுந்தாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. சைக்கிளை நான் பிரித்துப் போட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. தடத்தை நடந்து பார்த்தேன், ஒன்றுமில்லை, ஒரு கல், அந்தக் கல்லைத் தாண்டித்தான் எல்லோரும் போனார்கள். ஹெல்மெட் பாறையில் பட்ட சத்தம் மட்டும் இருக்கிறது, தேங்காய் உடைக்கிற சத்தம் என்று சொல்வார்கள், இல்லை, அப்படி இல்லை, அது ஒரு மரக்கதவைச் சாத்துகிற சத்தம், யாரோ வீட்டுக்குள் போய் உள்ளே இருந்து சாத்திக்கொள்கிற சத்தம். தாடையில் இரண்டு இடத்தில் முறிவு. பல்லோடு பல்லைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஸ்ட்ராவில் கொடுப்பேன், அவள் கன்னம் ஒட்டி உறிஞ்சும்போது கண்ணை என் மேலேயே வைத்திருப்பாள், நான் சிரித்துக்கொண்டே கொடுப்பேன், கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துகொள்வேன். கட்டின பல்லுக்குள்ளிருந்து அவள் கேட்ட முதல் வார்த்தை "பைக்?" இப்போதெல்லாம் அவள் ஆப்பம் மெல்லும்போதுகூடத் தாடையில் லேசாக ஒரு சொடுக்குச் சத்தம் கேட்கும், அவள் பழகிவிட்டாள், கேட்பதே இல்லை என்கிறாள். எனக்குக் கேட்கிறது. காரணம் தெரிந்த விபத்தாக இருந்தால் அந்தக் காரணத்தைப் பூட்டி வைத்துவிடலாம். காரணம் இல்லாததை எதை வைத்துப் பூட்டுவது? கைக்குக் கிடைத்தது ஒரு சிவப்புத் திருகு.

"என்ன லோகு, இன்னும் துடைச்சிட்டே இருக்க?" வந்துவிட்டாள். "சேறு," என்றேன். "போறது சேத்துல, அதுக்குத் தொடச்சு என்னாகப்போகுது," என்று சொல்லி சைக்கிளை என் கையிலிருந்து வாங்கினாள். வாங்கும்போது ஹாண்டிலை ஒரு அமுக்கு அமுக்குவாள், சில சமயம் செய்வது, இப்போது அமுக்கினால் தெரிந்துவிடும். சைக்கிள்களை உச்சிக்கு ஏற்றிப்போகிற பிக்கப் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "பொம்பளப் புள்ளைங்க வண்டியெல்லாம் ஏத்துங்கம்மா, நேரமாச்சு!" அவள் அமுக்கவில்லை. ஓடினாள். சைக்கிளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு பின்னால் ஏறி நின்று ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, "வேர் இருக்கிற எடத்துல நில்லு, அங்கதான் பாக்க நல்லா இருக்கும்," என்று கத்தினாள். பிக்கப் வளைவில் மறைந்தது. சொல்லியிருக்கலாம். இப்போதுகூட ஓடினால் அடுத்த வளைவில் பிடித்துவிடலாம். என்ன சொல்வது? நீ தூங்கும்போது உன் வளையலைக் கழற்றி வைத்தேன் என்பது மாதிரியா இது? நல்லதுக்குத்தான் செய்தேன். நல்லதுக்குத்தான். நல்லதுக்குச் செய்தவன் ஏன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு செய்தான்?

சோலைக்குள் நடக்கிறேன். வெயில் மேலே மரங்களின் உச்சியில் இருக்கிறது, கீழே இன்னும் ஈரம், மக்கிய இலை வாசனை, எங்கோ காட்டெருமைச் சாணத்தின் வாசனையும். தடத்தின் இரண்டு பக்கமும் மஞ்சள் ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். வேர் இடத்தில் ஏற்கெனவே பத்துப் பேர் நிற்கிறார்கள், கையில் வாக்கிடாக்கியோடு ஒரு பையன், தடக் காவல், முகமது ரஃபீக் என்று நெஞ்சில் அட்டை. நான் இந்த இடத்தைக் காலையிலேயே பார்த்தேன், பார்த்தும் பார்க்கவில்லை. ஒரு பெரிய மரம், அதன் வேர்கள் சரிவுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன, யாரோ விரல்களை அகட்டி மண்ணில் ஊன்றியது மாதிரி, ஒன்றைத் தாண்டி மூச்சு விடுவதற்குள் அடுத்தது, அதற்குள் அடுத்தது. கடைசி வேரைத் தாண்டினால் இடது பக்கம் பள்ளம், அதில் பாறை. பயிற்சி ஓட்டம் இன்னும் முடியவில்லை, ஆண்கள் இரண்டொருவர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பச்சைச் சட்டை போட்ட ஒருவன் வந்தான். நன்றாகத்தான் ஓட்டினான். முதல் வேரில் ஃபோர்க் அமுங்கியது. இரண்டாவது வேர் வரும்போது அது பாதிதான் எழுந்திருந்தது. மறுபடி அமுங்கியது. மூன்றாவதில் கால்வாசி எழுந்தது. நான்காவதில் எழவே இல்லை, குனிந்தவன் முதுகில் மூட்டைக்கு மேல் மூட்டையாக ஏற்றினால் எப்படியோ அப்படி அது தாழ்ந்துகொண்டே போனது, ஐந்தாவது வேர் சக்கரத்துக்குச் சுவராகிவிட்டது. சைக்கிளின் பின்பக்கம் எழுந்தது. அவன் ஹாண்டிலுக்கு மேலாகப் பறந்து பள்ளத்தின் இந்தப் பக்கம் புதரில் விழுந்தான். எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். அவன் எழுந்து சிரித்தான், கையை ஆட்டினான், உண்ணிச் செடி முள் அவன் கழுத்தெல்லாம் கீறியிருந்தது. "ஃபோர்க் ரொம்ப ஸ்லோவா இருக்குண்ணா, நேரா நிக்கவே மாட்டேங்குது," என்று ரஃபீக்கிடம் சொன்னான், சும்மா, பேச்சோடு பேச்சாக.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். வீட்டு முற்றத்தில் எத்தனை முறை அவளுக்கே சொல்லியிருக்கிறேன், மெதுவாக எழும் சக்கரம் தரையைப் பிடிக்காது, அடுத்த அடிக்குள் எழுந்து தரையைத் தேடிப் போனால்தான் பிடி, துள்ளலும் பிடியும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை, ஒரு அளவில் இரண்டும் ஒன்றுதான் என்று. காலையில் நாங்கள் சேர்ந்து "அது!" என்றோமே, அதுதான் அந்த அளவு. அந்த அளவிலிருந்து நான்கு கிளிக் தள்ளி நான் அவளைப் பள்ளத்துப் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன். பயந்த கை எப்போதும் ஆமைப் பக்கம்தான் போகும். ரஃபீக் கையில் வாக்கிடாக்கி கரகரக்கிறது. "பயிற்சி முடிஞ்சுது, லேடீஸ் ஸ்டார்ட் ரெடி." ஒரு வார்த்தை போதும், சுகிர்தாவின் நம்பர் பதினேழு. தம்பி, பதினேழாம் நம்பர்கிட்ட முயல் பக்கம் நாலு கிளிக் போடச் சொல்லுப்பா. அவன் சத்தமாக மேலே சொல்வான், மேலே இருப்பவர் சத்தமாக அவளிடம் சொல்வார், உங்க வீட்டுக்காரர் சொல்றாராம்மா என்று, மற்ற எட்டுப் பெண்களும் திரும்பிப் பார்ப்பார்கள். வாய் திறந்தேன். "என்னண்ணா?" என்றான் ரஃபீக். "ஸ்டார்ட்டுக்குக் குறுக்கு வழி இருக்கா?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன். "இந்தத் தேயிலைக்குள்ள நேரா ஏறுங்க. இலை பறிக்கிறவங்க போற பாதை. செங்குத்தா இருக்கும்."

ஏறுகிறேன். ஏன் அவனிடம் சொல்லவில்லை? தேயிலைச் செடி இடுப்பைக் கிழிக்கிறது, நேற்றைய மழை இலைகளில் நின்று பேன்ட்டை நனைக்கிறது, பாதை என்பது இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு கால் வைக்கிற இடம். திரும்பி ஓடிச் சொல்லிவிடலாமா, இல்லை, பாதி வந்துவிட்டேன், பாதிதானா, மேலே பார்த்தால் சில்வர் ஓக் மரங்களும் மூடுபனியும்தான் தெரிகின்றன, எது பாதி என்று யார் சொல்வது. வெட்கப்படுவதைவிட மலை ஏறுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அவளுக்கு எத்தனாவது இடம்? நம்பர் வரிசையிலா விடுகிறார்கள், இல்லை குலுக்கிப் போட்டா? அவள் ஏறி உட்கார்ந்ததும் அமுக்கிப் பார்த்திருப்பாள், கண்டுபிடித்திருப்பாள், கண்டுபிடித்து மாற்றியிருப்பாள், சந்தேகமே இல்லை. இல்லை, மாற்றியிருக்கமாட்டாள், லோகு வைத்தது சரியாக இருக்கும் என்று விட்டிருப்பாள். அமுக்கியும் இருக்கமாட்டாள். என்னிடமிருந்து வாங்கின வண்டியை அவள் எதற்குச் சோதிக்கவேண்டும்? மூச்சு நெஞ்சில் ஆணி மாதிரி ஏறுகிறது. கால் வழுக்கி முழங்கால் கல்லில் பட்டது, நல்லது, படட்டும். தூரத்தில் விசில் சத்தம். ஒரு பெண் கிளம்பிவிட்டாள். அது அவளாக இருந்தால்? கீழே தேயிலையின் விளிம்பில் ஒரு நிறம் பாய்ந்து மறைகிறது, நீலம், அவள் சட்டை ஆரஞ்சு, நீலம்தானே அது, கண்ணில் வியர்வை. கம்பி போட்ட பல்லுக்குள்ளிருந்து "பைக்?" இன்னொரு விசில். இந்த முறை நிறம் தெரியவில்லை, மரம் மறைத்துவிட்டது. கடவுளே என்று சொல்ல நினைத்தேன், சொல்ல மூச்சில்லை, சுகி சுகி என்று மட்டும் வந்தது, அதுவும் சத்தமில்லாமல், ஏறுகிற அடிக்கு ஒன்றாக.

மேலே மூங்கிலால் ஒரு பந்தல், பலகையால் ஒரு சரிவு. ஆரஞ்சு நிறம் நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் ஒரே ஒரு பெண், சரிவின் மேல், ஏற்கெனவே ஒரு கால் பெடலில். ஹெல்மெட்டுக்குள் சுகிர்தாவின் கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. முதலில் சந்தோஷப்பட்டன, அப்புறம் என் பேன்ட்டையும் முழங்காலையும் பார்த்து நின்றுபோயின. "என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாவதா?" "இல்ல. சுகி. முன்னாடி... அந்தச் செவப்பு..." குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "நான் மாத்திட்டேன். ஆமைப் பக்கம்." விசில் அடித்தது, முன்னால் இருந்த பெண் விழுந்ததுபோல மறைந்தாள். "அடுத்து பதினேழு," என்றார் பந்தலில் கொடியோடு நின்றவர். "எத்தன?" என்றாள் சுகிர்தா. "நாலு." "பின்னாடி?" "பின்னாடி தொடல." "நெசமா?" "நெசமா." பதினேழு வாங்கம்மா என்று கொடிக்காரர் மறுபடி கூப்பிட்டார். "ஒரு நிமிஷம் சார்," என்றாள், வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு குழந்தைக்காகக் காத்திருக்கிற குரலில். நான் குனியப் போனேன். "தொடாத," என்றாள். கையுறையைக் கழற்றி என்னிடம் தராமல் ஹாண்டிலில் போட்டுவிட்டு அவளே குனிந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அவள் விரல்கள் நடுங்கவில்லை, நான் அதைத்தான் பார்த்தேன், ஒரு துளிகூட நடுங்கவில்லை. ஹாண்டிலை அமுக்கினாள். அது எழுந்து தன் இடத்துக்கு வந்தது. கையுறையை மாட்டினாள். பலகை மேல் ஏறினாள். என்னைப் பார்க்கவில்லை. விசில்.

அப்புறம் அங்கே ஒன்றும் இல்லை. பலகை இருந்தது, சேற்றில் ஒரு டயர்த் தடம் இருந்தது. உச்சியில் நிற்பவனுக்கு எதுவும் தெரியாது என்பது எனக்கு அதற்குமுன் தெரிந்திருக்கவில்லை, எப்போதும் கீழேயே நின்றிருக்கிறேன். கொடிக்காரரின் மேசையில் இருந்த வாக்கிடாக்கிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அது கரகரத்தது, ஒன்றும் சொல்லவில்லை. இப்போது தேயிலை வளைவு. இப்போது சிற்றோடை. இப்போது சோலைக்குள் நுழைகிற இருட்டு, வெளிச்சத்திலிருந்து போகிற கண் ஒரு கணம் குருடாகும், அவளுக்குத் தெரியும், கண்ணை முன்பே சுருக்கிக்கொள்வாள். நான் சொன்னது அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தால்? மலையிறங்கும்போது தலைக்குள் ஒன்றும் ஓடக்கூடாது என்பாள். நான் வந்து சொல்லி அதை உள்ளே போட்டுவிட்டேன். சொல்லாமல் இருந்தால் அது ஒரு ஆபத்து, சொன்னது இன்னொன்று, முதலில் கையை வைக்காமல் இருந்திருந்தால் இரண்டும் இல்லை. முதல் வேர். இரண்டாவது. கரகரப்பு. "உங்க வீட்டம்மாவா?" என்று கொடிக்காரர் கேட்டார். தலையாட்டினேன். "நல்ல தைரியம்," என்றார். வாக்கிடாக்கியில் ரஃபீக்கின் குரல் வந்தது, பின்னால் ஏகப்பட்ட கூச்சல், முதல் இரண்டு வார்த்தை விழுங்கிப்போயிற்று, கூச்சல் விழுந்ததற்கா தாண்டினதற்கா என்று தெரியவில்லை, பச்சைச் சட்டைக்காரன் விழுந்தபோதும் இப்படித்தானே கத்தினார்கள், என் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, "...தினேழு வேரத் தாண்டிருச்சு, செம்மயா போகுது, ஓவர்." நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்தேன். கொடிக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடிக்கத் தெரியவில்லை, மேலெல்லாம் கொட்டிக்கொண்டேன்.

பிக்கப்பில் ஏறவில்லை. நடந்தே இறங்கினேன், பாதை வழியாக, மெதுவாக, யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. கீழே வரும்போது பெண்கள் எல்லோரும் முடித்துவிட்டிருந்தார்கள். அவள் ஐந்தாவதாக வந்திருந்தாள், ஒன்பது பேரில். புல்லில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளையாக, நீலச் சட்டைப் பெண்ணிடம் கையை வைத்து எதையோ காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். வேர்களைத்தான் காட்டுகிறாள் என்று தெரிந்தது, விரல்களை அகட்டி வைத்து மறுகை அதன் மேல் டக் டக் டக்கென்று ஓடியது, சிரிப்பு, தாடை நன்றாகத் திறந்து. என்னைப் பார்த்ததும் கை நின்றது. நீலச் சட்டைப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவதாகச் சொல்லிப் போய்விட்டாள். நான் நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும். அவள் மணிக்கட்டால் மூக்கைத் துடைத்தாள், சேறு இன்னும் பரவியது.

"பயமா இருந்துச்சா?" என்றாள்.

"ஆமா."

"அத எங்கிட்ட சொல்லணும் லோகு. என் வண்டிகிட்ட சொல்லி வெச்சிருக்க."

தூரத்தில் மைக்கில் யாரோ ஆண்கள் பிரிவுக்கு நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் ஒரு நாய் வந்து சைக்கிள் டயரை முகர்ந்துவிட்டுப் போயிற்று.

"இன்னிக்கு மட்டும்தானா இந்தப் பயம்?"

"இல்ல."

"எப்பலேருந்து?"

யோசித்தேன். போன வருஷத்திலிருந்து என்று சொல்லலாம், அதை அவள் ஏற்றுக்கொள்வாள், அவள் எதிர்பார்ப்பதும் அதுதான். அது பொய்யாகிவிடும். "மொதல்லேருந்தே," என்றேன். "நீ விழுறதுக்கு முன்னாடியிருந்தே. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் காலைல நீ சாக்ஸ் எடுக்க பீரோ தொறப்பல்ல, அப்ப வரும். நீ திரும்பி வந்து வாசக் கேட்டத் தள்ளுற வரைக்கும் போகாது. நான் அடுப்படில நின்னுட்டே இருப்பேன். நீ வந்ததும் தோசை ஊத்துவேன், அப்பதான் எழுந்த மாதிரி."

அவள் என்னையே பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இன்னும் இருந்தது, அது அவ்வளவு சீக்கிரம் போகாது, போகவும் கூடாது. இந்த வண்டியில் இனி நான் ஒரு திருகையும் தொடப்போவதில்லை என்று அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. அப்புறம் அவள் கொஞ்சம் நகர்ந்து, தனக்குப் பக்கத்தில் புல்லை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"உக்காரு. மிச்சத்தையும் சொல்லு."